படகிலிருந்து ஜீப்புக்கு வந்த விசில்

ஜீப் வருவதற்கு முன்னால் அதன் விசில் வரும். பாலத்தைத் தாண்டி, கிடங்குகள் இருக்கிற தெருவுக்குள் வண்டி திரும்பும்போதே எங்கள் அடுக்களையில் கேட்டுவிடும். வாயால் அடிக்கிற விசில் இல்லை. கண்ணாடி டம்ளரின் விளிம்பில் ஈர விரலை வைத்துத் தேய்த்தால் வருமே, அதைப் போல ஒன்று. மெல்லத் தொடங்கி, பல் கூசுகிற அளவுக்கு ஏறி, பிறகு பெருமூச்சாக இறங்கும். கிடங்குகளில் சுக்கு புடைக்கிற பெண்கள் முறத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த விசில் எங்கள் வீட்டுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். கொச்சி மட்டாஞ்சேரியில் அப்போது எங்களுக்கு ஒரு ஓட்டு வீடும், வண்டி நிற்கிற அளவுக்கு ஒரு முற்றமும் இருந்தன. வண்டி என்றால் பட்டாளத்தில் ஓடித் தேய்ந்து ஏலத்துக்கு வந்த ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும். என் கணவர் அதில் மலைக்கு அரிசியும் உப்பும் ஏற்றிப் போவார். திரும்பும்போது ஏலக்காய் மூட்டைகளைக் கிடங்குக்குக் கொண்டுவருவார். பெட்ரோல் கட்டாது என்று எழுபதுகளிலேயே டீசல் எஞ்சின் மாற்றியிருந்தார். அந்த எஞ்சினுக்கு ஒரு சின்ன டர்போவும் இருந்தது. அது தேய்ந்துபோய், ஏற்றத்தில் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி நடக்கவே ஆரம்பித்துவிட்டது. மற்றவர்களின் மூட்டை முதலில் வந்து சேர்ந்தது. கிடங்கு முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்.

தேவராவில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரிதான் பெரிய டர்போ போடலாம் என்றார். வெகுநாளாக எங்கள் வண்டியைப் பார்ப்பவர். மலையாளி, கணவரிடம் தமிழ் கலந்து பேசுவார். நான் வெளி ஆண்களிடம் பேசுவதில்லை. பேச வராது, நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர் மூன்றடி தள்ளி நிற்கும்போதுகூடக் கணவரிடம்தான் கேட்பேன்.

"சாயா வேணுமான்னு கேளுங்க."

"வேணும்னு சேச்சிகிட்ட சொல்லு சேட்டா," என்பார் மேஸ்திரி. "மதுரம் கூட்டியிடச் சொல்லு."

"நான் என்ன, உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரனா?" என்பார் கணவர்.

ஒரு நாள் காலை மேஸ்திரி சாக்கில் சுற்றி எதையோ கொண்டுவந்து, எங்கள் துவைகல்லின் மேல் வைத்துப் பிரித்தார். பெரிய நத்தைக்கூடு மாதிரி இரும்பு, அதை ஒட்டி இன்னொரு நத்தைக்கூடு. நான் அடுக்களைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எஞ்சினோட புகை இந்தப் பக்கம் வந்து ஒரு விசிறியைச் சுத்தும். அதே தண்டுல அந்தப் பக்கமும் ஒரு விசிறி. அது வெளிக்காத்தை இழுத்து எஞ்சினுக்குள்ள ஊதும். காத்து கூடினா சக்தி கூடும். அவ்வளவுதான்," என்று கணவருக்குச் சொன்னவர், காற்று இழுக்கிற வாய்க்குள் இரண்டு விரலை விட்டு எதையோ பற்றி இழுத்தார். துணி வந்தது. கிழிந்து, முறுக்கிக்கொண்டு, கறுப்பு எண்ணெயில் ஊறி, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"என்ன இது, கோழிக்குடல் மாதிரி வருது?"

"இது ஒரு மீன்பிடி போட்டுல இருந்த டர்போ சேட்டா. அந்தக் கதையைக் கேட்டா குடிச்ச சாயா இறங்காது."

"சொல்லித் தொலை."

"போன மழைக்காலம். போட்டை மராமத்துக்கு இந்தக் கரைக்குக் கொண்டு வரணும். ஸ்ராங்கு ஒத்தையா எடுத்துட்டுப் புறப்பட்டான்." ஸ்ராங்கு என்றால் படகு ஓட்டுகிறவன். "போட்டு வந்துச்சு. ஸ்ராங்கு வரல."

"மூழ்கிட்டானா?"

"ஆர்க்கு அறியாம்? அடியில ஓட்டை இல்ல. டாங்குல டீசல் பாதிக்கு மேல இருக்கு. எஞ்சின் நின்னுபோய், கரையோரச் சீனவலைக் கம்பத்துல முட்டிக்கிட்டு ஆடிக்கிட்டு இருந்துச்சு. ஆள் மாத்திரம் இல்ல. பொணமும் வரல. கரையில என்ன சொல்றாங்கன்னா, அவன் நீந்திக் கரையேறி மங்களாபுரம் பக்கம் வேற ஒருத்தியோட சுகமா இருக்கானாம்." சிரித்தார். "அதுக்கப்புறம் அந்தப் போட்டுல ஏற ஆள் இல்ல. முதலாளி பிரிச்சு வித்துட்டான்."

"அப்போ இந்தத் துணி?"

"எவனாவது தொடச்சிட்டு உள்ள மறந்து விட்டிருப்பான். நம்ம ஆளுங்க பண்றதுதானே."

துணியைத் துவைகல்லிலேயே விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். விசிறியில் இரண்டு இலைகள் நுனி மடங்கியிருந்தன; அரத்தால் ராவி நேராக்கினார். உள்ளே எண்ணெய் கசியாமல் தடுக்கிற வளையம் இந்த ஊரில் கிடைக்காது என்று, இருந்ததையே துடைத்துத் திரும்பப் போட்டார்.

மறுநாள் சோடாக் காரத்தில் மற்ற துணிகளோடு அதையும் போட்டுக் கொதிக்கவைத்தேன். எண்ணெய் போனதும் பாதித் துண்டு ஒன்று தெரிந்தது. கட்டம் போட்ட தோர்த்துத் துண்டு. ஒரு மூலையில் பச்சை நூலால் சின்னச் சிலுவையும் அதன் கீழே இரண்டு புள்ளியும் தைத்திருந்தது. தடித்த நூல்தான், சூடு தாங்கும். அடுப்பிலிருந்து பானை இறக்க வைத்துக்கொண்டேன்.

பெரிய டர்போவை மாட்டியபின் முதல் முறை மலைக்குப் போய் வந்தபோது கணவரின் முகமே வேறாக இருந்தது. கால் கழுவக்கூட இல்லை.

"அடிவாரத்துல செத்த மாதிரி கிடக்குது. மிதிச்சா ஒண்ணுமில்ல. திடீர்னு முழிச்சுக்குது பாரு, யாரோ பின்னால நின்னு ரெண்டு கையாலயும் தள்ளுற மாதிரி! திரும்பிப் பாத்தேன்னா பாத்துக்கோயேன்."

"யாரு இருந்தா?"

"அரிசி மூட்டை இருந்துச்சு," என்று சிரித்தார்.

பெரிய டர்போவைச் சட்டென்று நிறுத்தக்கூடாது என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். முற்றத்தில் வண்டியை நிறுத்தியபின் கணவர் ஒரு பீடி பற்றவைத்து, அது பாதியாகும்வரை எஞ்சினைச் சும்மா ஓடவிடுவார். பிறகு அணைப்பார். எஞ்சின் நின்ற பிறகும் உள்ளே அந்த விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் அந்தப் பெருமூச்சு. எல்லாம் அடங்கிய முற்றத்தில் அது மட்டும் இறங்கி இறங்கி, இதோ முடிந்தது என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் இறங்கும்.

அந்த நேரத்தில்தான் முதன்முதலில் அவளைப் பார்த்தேன். வண்டி வருவது எப்போதும் உச்சிவேளை. வெயிலில் தெருவே வெறிச்சென்று இருக்கும். எதிரே கிடங்குச் சுவரை ஒட்டிய மழைமரத்தடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே தூக்கிச் செருகியிருந்தாள், செம்மீன் என்று இங்கே சொல்கிற இறாலை உரிக்கிற கம்பெனிப் பெண்களைப் போல. கைகள் பனிக்கட்டியில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவள் ஜீப்பைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெருமூச்சு முழுக்க அடங்கியபின், யாரோ அனுமதி கொடுத்ததைப் போலத் திரும்பி நடந்தாள்.

அடுத்த முறையும் வந்தாள். அதற்கடுத்த முறையும். மழையில்கூட வந்தாள், தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு. ஒரு நாள் விசில் கேட்டுச் சன்னல் பக்கம் திரும்பினேன். வண்டி இன்னும் கண்ணில் படவே இல்லை, அதற்குள் அவள் மரத்தடியில் நின்றிருந்தாள். கம்பெனி அந்தத் தெருக்கோடியில்தான், மத்தியான இடைவேளையில் ஓடி வந்திருப்பாள் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குழாயடியில் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் குடத்தோடு நிற்கும்போதே ஒருத்தி அவளைச் சீண்டினாள்.

"என்னடி, இன்னிக்கும் உன் மாப்பிள்ளை ஜீப்புல வந்து இறங்கலியா? மங்களாபுரத்துல வண்டி கிடைக்கல போல."

"வந்தாவன்னா ஒனக்கு ஒரு கூடை செம்மீன் தாரேன். இப்ப குடத்த எடுத்துட்டு வழி விடு," என்றாள் அவள், முகம் மாறாமல்.

கன்னியாகுமரிப் பக்கத்துப் பேச்சு. படகு வேலைக்கு அந்தக் கரையிலிருந்து நிறையப் பேர் கொச்சிக்கு வந்திருந்தார்கள். ஸ்ராங்கின் பெண்சாதி இவள்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நடக்க, அவள் பின்னாலேயே வந்தாள்.

"யக்கா, ஒங்க வண்டியில என்னத்த மாட்டியிருக்காவ?"

"டர்போ," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"போட்டுல உள்ளதா?"

தலையாட்டினேன்.

"கேட்ட ஒடனே தெரிஞ்சிட்டு. அவிய கடல்லேருந்து அழிமுகம் தாண்டி உள்ள வரும்போ இந்தச் சத்தம்தான் மொதல்ல வரும். அது கேட்டுத்தான் நான் ஒலையில அரிசி போடுவேன். இப்ப கொஞ்சம் சளி புடிச்ச மாதிரி இருக்கு. ஆனா அதே தொண்டைதான்."

எங்கள் வாசல் வந்துவிட்டது. உள்ளே வா என்று கூப்பிட்டேன். அவள் வாசலைத் தாண்டவில்லை.

"செத்தாவன்னா ஒரு பூசை வச்சிருவேன் யக்கா. ஓடிட்டாவன்னா தாலியக் கழத்திக் காயல்ல வீசிருவேன். ரெண்டுல ஒண்ணு தெரியணும்லா? டாங்கியில டீசல் கெடக்கு, போட்டுக்கு ஒரு கொறையும் இல்ல, பின்ன எதுக்கு எறங்கினான்னு கேக்காவ. மாதா கோயில்ல சாமியாரும் அதத்தான் கேக்காவ. நான் என்ன சொல்ல?"

அன்று கணவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். "இரும்புக்கு ஏது தொண்டை?" பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "வண்டி எண்ணெய் குடிக்குது," என்றார். "ஒவ்வொரு நடைக்கும் எஞ்சின் எண்ணெய் குறையுது. கீழே ஒரு சொட்டு ஒழுகல. எங்கே போகுதுன்னு தெரியல."

மேஸ்திரியை வரச் சொன்னார். அவர் வந்த அன்றும் உச்சிவேளைதான். கணவர் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி பானட்டைத் திறந்து, காற்று வருகிற குழாயைக் கழற்றினார். டர்போவின் வாய் வெறுமனே திறந்து கிடந்தது, உள்ளே விசிறி சுற்றுவது வெள்ளை வட்டமாகத் தெரிந்தது. நான் துவைகல்லில் போர்வை அலசிக்கொண்டிருந்தேன். மரத்தடியில் அவள் நின்றிருந்தாள்.

"அணை சேட்டா, உள்ள எண்ணெய் இருக்கான்னு பாக்கறேன்."

கணவர் சாவியைத் திருப்பினார். டீசலை நிறுத்துகிற கம்பியையும் இழுத்தார். எஞ்சின் தணிந்தது. பெருமூச்சு தொடங்கியது. பாதியில் நின்றது.

பிறகு அது தானாகவே ஏறத் தொடங்கியது.

சத்தம் ஏறிக்கொண்டே போனது. விசில் நான் அதுவரை கேட்டிராத உயரத்துக்குப் போய், காதுக்குள் ஊசியாக நின்றது. வெளுத்த நீலப் புகை முற்றத்தை மூடியது. ஜீப் நின்ற இடத்திலேயே குலுங்கியது. ஆள் இல்லை, சாவி இல்லை, டீசல் இல்லை, ஓடுகிறது. கணவர் சாவியைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"நான் நிறுத்திட்டேன்! பாரு, நிறுத்திட்டேன்!"

"வாயை அடைக்கணும்! காத்து போற வாய்! துணி! ஏதாவது துணி!"

என் கையில் போர்வை இருந்தது. எப்படி ஓடினேன் என்று தெரியாது. மேஸ்திரி அதைப் பிடுங்கிச் சுருட்டி, பம்பரில் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்து, இரண்டு கையாலும் அந்த வாயில் வைத்து அமுக்கினார். அது போர்வையைப் பிடித்து இழுத்தது. ஒரு முழம் உள்ளே போய்விட்டது. எஞ்சின் இருமியது, திணறியது, ஜீப் முழுதும் ஒரே ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. அந்தக் குலுக்கலில் மேஸ்திரி பக்கவாட்டில் தூக்கி எறியப்பட்டுத் தரையில் விழுந்தார்.

அன்று பெருமூச்சு வரவில்லை.

புகை மெல்ல விலகியது. மேஸ்திரி எழுந்து, போர்வையை வெளியே இழுத்தார். கிழிந்து, முறுக்கிக்கொண்டு, கறுப்பு எண்ணெயில் ஊறி, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. சட்டென்று கை நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

"அன்னிக்கு வந்ததும் இதே மாதிரிதானே?" என்றேன்.

கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். மேஸ்திரி அவர் பக்கம் திரும்பவே இல்லை, எனக்கே பதில் சொன்னார்.

"ஆமா சேச்சி. இதே மாதிரிதான். அது யாரும் தொடச்சிட்டு மறந்த துணி இல்ல. ஸ்ராங்கு அடைச்சிருக்கான்." போர்வையை டர்போவின் வாயருகே பிடித்துக் காட்டினார். "டர்போல எண்ணெய் கசிஞ்சு காத்தோட சேந்து எஞ்சினுக்குள்ள போயிருக்கு. எஞ்சின் தன்னோட எண்ணெயையே குடிச்சு ஓடும். டீசலை நிறுத்தினாலும் நிக்காது. மூச்சை அடைச்சாத்தான் நிக்கும். போட்டுலயும் இதான் நடந்திருக்கு. அதான் டாங்குல டீசல் அப்படியே இருந்துச்சு. எல்லாரும் டீசலைப் பாத்தாங்க. எண்ணெயை யாரும் பாக்கல."

அவள் முற்றத்துக்குள் வந்திருந்தாள். எப்போது வாசலைத் தாண்டினாள் என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

நான் அடுக்களைக்குப் போய் அந்தப் பாதித் தோர்த்தை எடுத்துவந்தேன். சோற்றுப் பானையை இறக்கிய சூடு இன்னும் அதில் இருந்தது. அவள் கையில் கொடுத்தேன். விரித்துப் பார்க்காமல் நேராக மூலையைத் தேடினாள், கண் தெரியாதவர்கள் தேடுவதைப் போல விரலால். பச்சைச் சிலுவை. இரண்டு புள்ளி.

"நான் போட்ட தையல்," என்றாள். "போட்டுல எல்லாத் துண்டும் ஒண்ணுபோல கெடக்கும். மாறிப் போவும்னு அவிய சண்டைக்கு வருவாவ. அதுக்குப் போட்டது."

அவள் மேஸ்திரியிடம் கேட்டாள்.

"நீரு எப்பிடி நின்னீரு? காட்டும்."

அவர் மறுபடி பம்பரில் முழங்காலை ஊன்றி, குனிந்து, இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார்.

"ரெண்டு கையும் இதுல இருந்தா, போட்டுல புடிக்க என்ன இருக்கும்?"

"ஒண்ணுமில்ல."

"நிக்கும்போ இப்பிடித்தான் குலுங்குமா?"

"போட்டு எஞ்சின் இதைவிடப் பெரிசு. பக்கத்துல தடுப்பும் கிடையாது," என்றார் மேஸ்திரி, தலையைக் குனிந்துகொண்டு. "அன்னிக்கு நான் கண்டபடி பேசினேன். உங்ககிட்ட இல்ல. இருந்தாலும் பேசினேன்."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"ஓடல," என்றாள். டர்போவின் வாயைப் பார்த்துக்கொண்டே, "நிறுத்தத்தான் நின்னிருக்காவ," என்றாள்.

கம்பெனியில் சங்கு ஊதியது. அவள் தோர்த்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ராங்குக்குப் பூசை வைத்தார்கள். மேஸ்திரி கோயிலுக்குப் போய், நடந்ததைச் சொல்லிச் சாட்சி நின்றார். உடல் இல்லாததால் அந்தத் தோர்த்தைச் சின்னப் பெட்டியில் வைத்து அடக்கினார்கள். நான் போனேன்; உள்ளே போகக் கூசி, வெளியே சுவரோரம் நின்றேன். குழாயடியில் அவளைச் சீண்டியவளும் வந்திருந்தாள். தலையில் முக்காடு போட்டு, யார் முகத்தையும் பார்க்காமல்.

டர்போவைக் கழற்றச் சொல்ல நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. மேஸ்திரி புது வளையம் எங்கிருந்தாவது வரவழைக்கிறேன் என்றுதான் சொன்னார். கணவர் கேட்டது ஒன்றுதான். "மலை இறக்கத்துல, மூட்டையோட, இது தானா ஓட ஆரம்பிச்சிருந்தா?" பழைய சின்ன டர்போவையே துடைத்து மாட்டினார்கள். ஜீப் மறுபடி ஏற்றத்தில் நடந்தது. ஏலக்காய் மூட்டைகள் வேறு வண்டிக்குப் போயின. கணவர் பக்கத்து ஊர்களுக்குக் காய்கறி ஏற்றினார். பெரிய டர்போவைப் பழைய இரும்புக்குப் போட்டு, உருக்குகிற இடம்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக மேஸ்திரி சொன்னார். அவள் அதன்பிறகு மரத்தடிக்கு வந்ததில்லை. வழியில் பார்த்தால் "யக்கா" என்று சிரிப்பாள்.

அடுத்த மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு மத்தியானம். கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜீப் முற்றத்தில் பானட் மூடிக் கிடந்தது. படகுத்துறைப் பக்கமிருந்து, தண்ணீரின் மேல், அது வந்தது. மெல்லத் தொடங்கி, பல் கூச ஏறியது. கணவரின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. இரும்பை அவர்கள் உருக்கவில்லையோ, அல்லது அதே மாதிரி டர்போ வைத்த வேறு படகோ. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சத்தத்தில் சளி இல்லை. சுத்தமாக இருந்தது.

நான் சன்னல் வழியாக மழைமரத்தைப் பார்த்தேன். யாரும் இல்லை. யாரும் வரவும் இல்லை.

பெருமூச்சு இறங்கி இறங்கி முழுக்க அடங்கும்வரை நாங்கள் இருவரும் அசையவில்லை.

"மோர் ஊத்து," என்றார் கணவர்.

ஊற்றினேன்.